இளைத்தவளுக்குப் பாராட்டு வேண்டாம்

ஜெராக்ஸ் கடை அக்காவைப் பார்த்து அவள் வாழ்நாளில் யாரும் 'அழகாக இருக்கிறாய்' என்று சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பூசணி என்று பட்டப்பெயர். கல்யாணமாகிப் போன இடத்திலும் யாரும் சொல்லிக் கொடுக்காமலே அந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. காது வலி என்று போனாலும் டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்வார். கால் இடறி விழுந்தாலும் அதே மருந்துதான். அப்படிப்பட்டவள் சில மாதங்களாக இளைத்துக்கொண்டே வந்தாள். பார்த்தவர்கள் எல்லாம் கைதட்டினார்கள்.

"என்னக்கா, உங்களையே அம்பது பர்சன்ட்ல காப்பி எடுத்துட்டீங்களா?" என்று கடைக்கு வந்த கல்லூரிப் பெண்கள் கேட்டுச் சிரித்தார்கள்.

உண்மையில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாலு வாய் வைத்ததும் வயிறு கல்லாகிவிடும். அடுத்த வாய் தொண்டையில் நின்று போகலாமா வேண்டாமா என்று யோசிக்கும். டாக்டரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார்.

"எடை குறையுதுன்னு கவலைப்படுற ஆளை இப்பதான் பாக்கிறேன். நல்லாப் போகுது, விட்டுடாதீங்க."

அவளும் அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு யார் ரகசியம் கேட்டாலும், "வாயைக் கட்டினேன், காலையில நடக்கிறேன்" என்று சொல்லத் தொடங்கினாள். அடுத்த முறை டாக்டரிடமும் அதையே சொன்னாள். வேறெந்த ருசியும் நாக்கில் தங்காத நேரத்தில் பாராட்டின் ருசி மட்டும் தங்கியது.

ஒருநாள் கல்யாண மோதிரம் தானாகக் கழன்று மெஷினின் பேப்பர் தட்டுக்குள் விழுந்தது. அன்றுதான் பயம் பிடித்தது. மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் தலையை நிமிர்த்தாமலே, "கீழ டயட்டீஷியனைப் பாருங்க. இதையே எப்படித் தொடர்றதுன்னு சொல்லுவாங்க" என்று அனுப்பிவிட்டார்.

துணைக்கு வந்திருந்த நாத்தனாரும் கூடவே இறங்கி வந்தாள். அண்ணியின் வெற்றியில் தனக்கும் பங்கு உண்டு என்பது அவள் எண்ணம்.

லிஃப்டை ஒட்டியிருந்த ஜன்னலில்லாத அறை அது. அலமாரியில் ரப்பர் ஆப்பிள், ரப்பர் முட்டை, ரப்பர் ரொட்டி எல்லாம் வரிசையாக இருந்தன. அக்கா உள்ளே நுழையும்போதே எடை மெஷினைத்தான் தேடினாள். பல வருஷத்துக்கு முன்னால் இப்படி ஓர் அறையில், சாப்பிட்டதை உள்ளது உள்ளபடி சொன்னதற்கு, "பொய் சொல்லாதீங்கம்மா, இந்த உடம்பு காத்தைக் குடிச்சா வளர்ந்துச்சு?" என்று ஒருத்தி கேட்டிருந்தாள். இந்த டயட்டீஷியன் மெஷின் பக்கமே கையைக் காட்டவில்லை. ஒரு காலித் தட்டை எடுத்து முன்னால் வைத்தாள்.

"நேத்து மத்தியானம் சாப்பிட்டதை இதுல எடுத்து வைங்க."

அக்கா ரொட்டியை வைத்தாள், பிறகு முட்டையை. கொஞ்சம் யோசித்து முட்டையைத் திருப்பி அலமாரியில் வைத்தாள். "ரொட்டியிலயும் பாதிதான்" என்றாள்.

"பாத்தீங்களா மேடம், என்ன கட்டுப்பாடு!" என்று நாத்தனார் பூரித்தாள். "எல்லாம் என் ட்ரெயினிங். விடிஞ்சதும் வெந்நீர் குடுத்துருவேன்."

டயட்டீஷியன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

"உங்களுக்குப் பசிக்குதா?"

எவ்வளவு தின்றாய் என்று கேட்காத ஆள் இல்லை. பசிக்கிறதா என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. வாயைக் கட்டினேன் என்ற பாட்டு நாக்கு நுனி வரை வந்து நின்றுவிட்டது.

"இல்ல மேடம். பசின்னு ஒண்ணு இருந்துச்சு. எங்க போச்சுன்னு தெரியல."

டயட்டீஷியன் எழுந்து வந்து கண்ணுக்குப் பக்கத்தில் அவளுடைய நெற்றிப் பொட்டைத் தடவிப் பார்த்தாள். தோளையும் அழுத்தினாள். தன் இரண்டு விரலை நீட்டி இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். பிடித்த பிடியில் பலம் இல்லை.

"இங்க குழி விழுந்திருக்கு. கொழுப்பு மட்டும் இல்ல, சதையே கரையுது. ஏன் சாப்பிட முடியலைன்னு தெரியாம நான் எந்த சார்ட்டும் எழுத மாட்டேன்."

"ஐயோ மேடம், முன்னால இருந்த பூசணியைப் பாத்திருந்தா இப்படிப் பேச மாட்டீங்க!" என்றாள் நாத்தனார்.

டயட்டீஷியன் டாக்டருக்குப் போன் போட்டாள். "இல்ல டாக்டர், வேணும்னு குறைக்கல... வயித்தைப் பாக்கணும்... ஆமா, நான் வெறும் டயட்டீஷியன்தான்." போனை வைத்தபோது அவள் காது சிவந்திருந்தது.

"டெஸ்ட் எழுத எனக்கு அதிகாரம் இல்ல. ஆனா மாடிப்படி ஏற அதிகாரம் வேணாம். வர்றீங்களா?"

மேலே டாக்டர் அறை வாசலில், "ஏம்மா, நாங்கல்லாம் மனுஷங்களாத் தெரியலையா?" என்று வரிசை முழுவதும் சத்தம் போட்டது. இருவரும் நிற்கவில்லை. நாத்தனார் மூச்சிரைக்கப் பின்னால் ஓடி வந்தாள்.

"போன்லயே பேசியாச்சே மேடம்" என்றார் டாக்டர். "இவங்க எடைக்கு இது சந்தோஷப்பட வேண்டிய விஷயம்."

"ஒல்லியா ஒருத்தர் வந்து இதையே சொல்லியிருந்தா அன்னைக்கே வயித்தைப் பாத்திருப்பீங்க டாக்டர்." டயட்டீஷியன் மேஜையை ஒட்டிப் போய் நின்றாள். அங்கிருந்து நகரவில்லை.

டாக்டர் முகம் இறுகியது. அக்காவைப் பார்த்தார். "வாயைக் கட்டி, நடந்து குறைச்சேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

இப்போது வாயைத் திறந்தால் இத்தனை நாள் கேட்ட பாராட்டெல்லாம் போய்விடும். போகட்டும் என்று திறந்தாள்.

"போன தடவை சொன்னது பொய் டாக்டர். அதுக்கு முந்தி சொன்னது நிஜம். நீங்க பொய்யை மட்டும் நம்பிட்டீங்க."

"அண்ணி, மானத்தை வாங்காதீங்க!"

"நீ சும்மா இரு. என் வயிறா உன் வெந்நீரான்னு அவரே பாத்துச் சொல்லட்டும்."

"சரி, வெளியில இருங்க. பாக்கலாம்" என்றார் டாக்டர்.

அந்தப் 'பாக்கலாம்' அவளுக்குப் பழக்கமானது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னை வெளிய கொண்டுபோகணும்னா நாலு ஆள் வேணும் டாக்டர். எவ்வளவு இளைச்சாலும் அதுக்கு வேண்டிய கனம் இன்னும் கையிருப்புல இருக்கு."

கதவுக்கு வெளியே யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். டாக்டர் பேனாவை எடுத்தார். குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்கச் சொல்லி எழுதினார்.

"அடுத்த மாசம் வாங்க."

அவள் எழுந்திருக்கவில்லை.

"டெஸ்ட் எடுக்கிற இடத்துல நேரம் இருக்கணுமேம்மா!"

"கேட்டுப் பாருங்க. எனக்கு அவசரம் இல்ல, உக்காந்துதான் இருக்கேன்."

டயட்டீஷியன் கதவைச் சாத்தி அதன் மேலேயே சாய்ந்து நின்றாள். டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். உள்ளே என்ன இருந்து தொலைக்குமோ என்று அக்கா நினைத்தாள். நாற்காலியின் கைப்பிடியை மட்டும் அவள் விடவில்லை.

"நாளைக்கா? காலையிலயா?" என்று டாக்டர் போனில் கேட்டார்.

"வர்றேன்னு சொல்லுங்க" என்றாள் அக்கா.