பின்பக்கம் பார்த்து வாங்கிய கணினி

கடைக்காரர் கணினியின் முகத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தார்; பூதக்கண்ணாடி அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறவியிலேயே பார்வை இல்லாத அவளுக்கு அச்சகத்தில் வைத்த செல்லப்பெயர் அது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களைப் பிழை பார்ப்பது அவள் வேலை. பதினோரு வருஷத்தில் ஒரு புள்ளிகூட அவள் விரலுக்கு டிமிக்கி கொடுத்ததில்லை.

வெள்ளிக்கிழமை அவளுடைய பழைய கணினி கருகிய வாடையோடு கண்ணை மூடிவிட்டது. திங்கட்கிழமை குழந்தைகளின் காய்ச்சல் மருந்துத் தாள் அச்சேற வேண்டும். அதற்குள் வேறு கணினி கிடைக்காவிட்டால் வேலை இன்னொருவர் கைக்குப் போய்விடும். போனது திரும்பி வருமா என்பது சந்தேகம்தான்.

கூட வந்த அண்ணன் வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தான். எதையும் பெரிதாக, பளபளவென்று வாங்கினால்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.

“எல்லாமே யூஎஸ்பியா இருக்கு. ஒன்பது ஊசி வச்ச சீரியல் போர்ட் எங்க?” என்றாள் அவள்.

“அதெல்லாம் மலையேறிப் போச்சு மேடம். வேணும்னா யூஎஸ்பியை அதுவா மாத்துற கேபிள் ஒண்ணு தர்றேன்,” என்றார் கடைக்காரர்.

சிக்கல் அவளுடைய பிரெயில் பலகையால் வந்தது. கணினியில் இருக்கும் வரியை, கட்டம் கட்டமாக எழும் புள்ளிகளாக அவள் விரலுக்குக் கொடுக்கும் பலகை அது. சீரியல் போர்ட் என்னும் அந்தப் பழைய இணைப்பு வழியாக மட்டுமே பேசும். புதுப் பலகையின் விலையோ கிட்டே போக முடியாதது.

“கேபிள் போதும், பில் போடுங்க,” என்றான் அண்ணன்.

“இருண்ணா. மாட்டிப் பாத்துட்டு வாங்கலாம்.”

துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்த பலகையை எடுத்து வைத்தாள். கேபிளை மாட்டி, பென் டிரைவிலிருந்து தனக்கு மனப்பாடமான ஒரு பழைய மருந்துத் தாளைத் திறக்கச் சொன்னாள். புள்ளிகள் மளமளவென்று எழுந்தன.

“வேலை செய்யுது பாத்தீங்களா!” என்றார் கடைக்காரர்.

நான்காவது வரியில் அவள் விரல் நின்றது. “இருபத்தஞ்சு மில்லின்னு வருது. ரெண்டரை இருக்கணும். நடுவுல புள்ளியைக் காணோம்.”

“திரையில 2.5ன்னு தெளிவா இருக்கே மேடம்.”

“திரையில இருக்கும். கேபிள் முழுங்கிடுச்சு.”

அண்ணன் திரையை எட்டிப் பார்த்தான். பிறகு தொண்டையைக் கனைத்தான். “ரெண்டு நாளா நீ சரியாத் தூங்கலம்மா. ஒருவேளை விரலு...”

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரே வீட்டில் வளர்ந்தும் ஒரு எழுத்தைக்கூடத் தொட்டுப் படிக்கத் தெரியாதவன், அவள் விரலைச் சந்தேகப்படுகிறான். பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போனால் திங்கட்கிழமை என்ன செய்வது?

அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்து இழுத்துப் பலகையில் வைத்தாள்.

“படிக்க வேணாம். எண்ணத் தெரியுமில்ல? எண் வருதுன்னு சொல்ல ஒரு கட்டம், அப்புறம் ரெண்டு, புள்ளி, அஞ்சு. நாலு கட்டம் இருக்கணும். எத்தனை இருக்கு?”

அவன் தடவித் தடவிப் பார்த்தான். “மூணு.”

அடுத்த வரிக்குப் போய் மறுபடி அதே வரிக்கு வந்தாள். “இப்ப?”

“நாலு.”

“இப்ப?”

“நாலு... நாலு... மூணு.” அவன் குரல் இறங்கிவிட்டது. “தாள்லயே புள்ளி விட்டுப்போயிருந்தாலும் கேபிள் தப்புன்னு நினைச்சுடுவோமே. குழந்தைக்குப் பத்து மடங்கு மருந்து போயிடுமே!”

“வேற கேபிள் மாத்திப் பாக்கலாம் சார்,” என்றார் கடைக்காரர்.

“கேபிளே வேணாம். ஒன்பது ஊசி உள்ளது ஏதாவது இருந்தாக் காட்டுங்க,” என்றாள் அவள்.

பின்னறையில், ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட கணினிகள் தூசி படிந்து கிடந்தன. ஒவ்வொன்றின் முதுகையும் தடவிக்கொண்டே போனாள். மூன்றாவதில் ஒன்பது ஊசியும் கைக்குத் தட்டுப்பட்டன. விசிறி கரகரவென்று இரைந்தது. மேலே கீறல் வேறு. அண்ணன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பலகையை நேராக மாட்டி அதே வரியை இருபது தடவை கொண்டுவந்தாள். இருபது தடவையும் அண்ணன் எண்ணினான். இருபதிலும் நாலு.

“கூட ஒரு நல்ல மானிட்டர் தரட்டுமா சார்? அவங்க படிக்கிறது சரியான்னு நீங்க பாத்துக்கலாம்,” என்றார் கடைக்காரர்.

“வேணாம்,” என்றான் அண்ணன், பலகையிலிருந்து விரலை எடுக்காமல். “அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”