முப்பது நொடிச் சபை

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் செனட்டர்கள் தத்தம் மாநிலங்களுக்குக் கலைந்த பின்னரும், மூன்று நாளைக்கு ஒருமுறை வாஷிங்டனில் செனட் சபை கூடியது. கூடியது என்பது மரியாதைச் சொல்தான். நூறு இருக்கைகளும் வெறுமையாய்க் கிடக்க, ஒரே ஒருவர் மேடையேறி, பிடியில்லாத சிறு சுத்தியலால் தட்டுவார். அடுத்த கூட்டத்தின் நாளை அறிவித்து மறுபடியும் தட்டி இறங்குவார். முப்பது நொடியில் முடியும் அந்தச் சடங்கு நின்றுபோனால், சபை விடுமுறையில் இருக்கிறது என்று காட்டி, அதன் இசைவு பெறாமலே அதிபர் தாம் விரும்பியவரைப் பதவியில் அமர்த்திவிடலாம்.

மேரிலாந்தின் பண்ணைப் பகுதியில், ஒன்றரை மணி நேரப் பயணத்தில் வீடிருந்ததால், அப்பணி செனட்டர் ராய்டன் ஹாஸ்கலின் தலையில் விழுந்தது. அவர் அதிபருக்கு எதிர்க்கட்சி. வேலைநீக்க வழக்குகளைத் தீர்க்கும் தொழிலாளர் வாரியத்துக்கு அதிபர் முன்மொழிந்திருந்த வழக்கறிஞரோ, ராய்டனின் உடன்பிறந்த அக்கா அடலின். அவள் பெயரை வாக்கெடுப்புக்கே விடாமல் ராய்டனின் கட்சி பதினொரு மாதமாகக் கிடப்பில் போட்டிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை விடியலில் பனி, வேலியும் வழியும் ஒன்றெனத் தோன்றுமாறு வெண்பட்டாய் விரிந்து கிடந்தது. ராய்டனின் கார் வாயிலைத் தாண்டியதுமே வழுக்கிப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. பத்து மணிக்குச் சபை கூடவேண்டும். தலைநகரில் வேறு செனட்டர் எவருமில்லை. அடுப்படிக்குத் திரும்பிக் காப்பியை ஊற்றியபோது, தன் நெஞ்சுக்குள் மெல்லியதொரு நிம்மதி ஊறுவதை அவர் உணர்ந்து திடுக்கிட்டார். இன்று தட்டாவிட்டால் அக்காவுக்குப் பதவி கிடைக்கும். பழி பனியின் மேல் போகும்.

வெளியே ஹாரன் அலறியது. காப்பிக் கோப்பையோடு அவர் வாசலுக்கு வந்தார். பனி தள்ளும் தகடு பூட்டிய டிரக்கிலிருந்து, பக்கத்துப் பண்ணையில் வசித்த அடலின் தலையை நீட்டினாள்.

“டேய், உன் காரு குப்புறப் படுத்துத் தூங்குது. நீயும் உள்ள தூங்குறியா? ஏறு!”

“எங்க போறோம், அக்கா?”

“சபைக்குத்தான். மணி ஏழரை.”

ராய்டன் அசையவில்லை. “நான் போகலைன்னா உனக்கு என்ன கிடைக்கும்னு தெரியுமில்ல?”

“தெரியும். நீ அங்க நின்னு காப்பி குடிக்கிற அழகுலயே உன் யோசனையும் தெரியுது. சின்ன வயசுல சீட்டாட்டத்துல எனக்காகத் தோத்துக் குடுப்பியே, அதே மூஞ்சி. ஏறுடா.”

டிரக் பனியைப் பிளந்துகொண்டு ஊர்ந்தது. வழியிலிருந்து கண்ணை எடுக்காமல் அடலின் சொன்னாள்: “நாலு நாள் இடைவெளியெல்லாம் ஒரு விடுமுறையான்னு எவனாவது கம்பெனி வக்கீல் கோர்ட்டுக்குப் போவான். ஜட்ஜு என் நியமனமே செல்லாதும்பாரு. அன்னிவரைக்கும் நான் குடுத்த தீர்ப்பு அத்தனையும் காத்துல போயிடும். என்னை நம்பி வேலைய திரும்ப வாங்கினவன் மறுபடி தெருவுல நிப்பான். எனக்கு நாற்காலி வேணும்டா, ஆனா ஆடுற நாற்காலி வேணாம்.”

“எங்க ஆளுங்க உன்னை வோட்டுக்கே விடமாட்டாங்களே.”

“அது உங்க அதிகாரம். அதைப் பிடுங்கிக்கிட்டு வர்றதுல எனக்குப் பெருமையில்ல. உங்க மேல எனக்கு ஆத்திரம் இருக்கு, அது வேற.”

ஒன்பது ஐம்பத்தாறுக்கு அவர்கள் மண்டபம் சேர்ந்தனர். ஈரச் சப்பாத்துகளோடு ராய்டன் மேடையேறினார். மேலே பார்வையாளர் வரிசையில் அடலின் ஒருத்திதான், கம்பளித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, தேவாலயத்தில் அமர்வதுபோல் நிமிர்ந்து அமர்ந்திருந்தாள். அக்காவின் நரைத்த தலையைக் கண்டதும் அவர் கை ஒரு கணம் தயங்கியது. பின் தட்டினார். அடுத்த கூட்டத்தின் நாளை அறிவித்தார். மீண்டும் தட்டினார். அடலினுக்கு அந்த விடுமுறையில் பதவியில்லை என்பது முடிவாயிற்று.

படிக்கட்டில் அவளைக் கண்டதும் அவர் மூச்சுவாங்கச் சொன்னார்: “ஜனவரியில உன் பேரை வோட்டுக்கு எடுக்கணும்னு நானே எழுந்து கேப்பேன். கட்சித் தலைவர் என்னைக் கடிச்சுத் துப்பினாலும் சரி.”

“வோட்டு எனக்குப் போடுவியா?”

“அது, குழு விசாரணையில நான் கேக்குற கேள்விக்கு நீ சொல்ற பதிலைப் பொறுத்தது.”

அடலின் வாய்விட்டுச் சிரித்து, தம்பியின் கழுத்துத் துணியை இழுத்துச் சரிசெய்தாள்.

“அப்படின்னா நல்லாப் படிச்சிட்டு வந்து கேளு. சுலபமான கேள்வி கேட்டே, அங்கயே எல்லார் முன்னாடியும் திட்டுவேன்.”