பன்னிரண்டு சாண் ஆழம்

சுரங்கக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் கல் அறுக்கும் அக்கா, ஒரு கிரானைட் துண்டைக் கையில் இறுக்கிப் பிடித்தால், அது பூமிக்குள் எத்தனை கிலோமீட்டர் ஆழத்தில் உறைந்ததோ அத்தனை சாண் தரைக்குள் இறங்குவாள். பிடியை விட்டால் கல்லோடு மேலே வந்துவிடுவாள். சிமெண்டில் கீறல்கூட இருக்காது. ஆய்வுக்கூடம் மாடியில் இருந்த காலத்தில், கீழே டைப் அடித்துக்கொண்டிருந்தவர் தலைக்குமேல் இரண்டு செருப்புக் கால்களைப் பார்த்துவிட்டு விடுப்புக் கடிதம் கொடுத்தார். அதன்பிறகு ஆய்வுக்கூடத்தைத் தரைத்தளத்துக்கு மாற்றினார்கள்.

கம்பெனிக்கு இது வசதியாகப் போயிற்று. பாறைக்குழம்பு மேலாக வந்து உறைந்தால், அமுக்கிவைக்க அழுத்தம் போதாமல், அதிலுள்ள தண்ணீர் கொதித்துப் பீறிட்டுச் சுற்றுப்பாறையைப் பிளக்கும். செம்பையும் வெள்ளீயத்தையும் அந்த வெடிப்புகளில் விட்டுவிட்டுப் போகும். ஆழத்தில் உறைந்தாலோ தண்ணீருக்கு வெளியேற வழியிருக்காது. உலோகம் கல்லுக்குள்ளேயே தூவினாற்போலக் கிடந்து யாருக்கும் உதவாது. ஆகவே அக்கா முழங்கால்வரை இறங்கினால் சுரங்கம் தோண்டுவார்கள், கழுத்துவரை இறங்கினால் மூட்டை கட்டுவார்கள். பதினோரு வருடத்தில் ஒருமுறையும் தப்பவில்லை.

அவள் கணவர் துளை இயந்திரம் ஓட்டுபவர். கல்யாணமானதிலிருந்து வெளியூர் வேலைதான். எப்போதாவது வீட்டுக்கு வந்தால், பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வந்ததுபோல மகள் எழுந்து நிற்பாள். அந்த வருடம் ஊருக்குப் பின்னாலிருந்த குன்றிலேயே அவருக்கு வேலை அமைந்தது. ஏழு மாதத்தில் மகள் அவரிடம் சண்டை போடும் அளவுக்கு நெருங்கிவிட்டாள். அப்போதுதான் துளையின் அடியிலிருந்து முதல் கிரானைட் துண்டு வந்தது.

அன்று சாயந்திரம் அவர் ஒரு பொட்டலத்தை நீட்டினார். "பழைய சுரங்கத்துக் கல்லு. ரெண்டு சாண்தான். குன்றுக் கல்லு ஆழமா இருந்தா கம்பெனி கிளம்பிடும், நானும் போகணும். நாளைக்கு இதைப் பிடிச்சுக்கோயேன்."

"அப்புறம் ஒண்ணுமே கிடைக்கலன்னா?"

"அது தெரிய ரெண்டு வருஷம் ஆகும். பாப்பா எட்டாவது முடிச்சிடுவா."

அந்த இரண்டு வருடம் அவளுக்கும் வேண்டியிருந்தது. வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் முதலாளிகள் பார்க்க, பொட்டலத்துக் கல்லைப் பிடித்து முழங்கால்வரை இறங்கினாள். கைதட்டினார்கள். தலைமை நிலவியலாளர் உடனே போனை எடுத்து, குன்றடித் தெருவின் நாற்பது வீடுகளையும் மாதக்கடைசிக்குள் காலி செய்யச் சொல்லும்படி உத்தரவிட்டார்.

அக்கா மேலே வந்தாள். "சார், கல்லு மாறிப்போச்சு" என்று சொல்லி, குன்றுக் கல்லை எடுத்தாள்.

இடுப்புவரை போனாள், கழுத்துவரை போனாள். தலைமுடி மறையும் நேரத்தில் வாசலில் நின்ற கணவர் ஓடிவந்து, மேலே நீட்டியிருந்த கையைப் பற்றினார். அவரும் போனார். தலைமை நிலவியலாளர் அவள் இடுப்பில் கட்டியிருந்த அளவுக்கயிறு எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று பார்த்தார். ஏட்டில் பன்னிரண்டு என்று எழுதினார்.

கீழே இளஞ்சூடாக இருந்தது, சத்தமே இல்லை. இயந்திரத்தோடு வாழ்ந்து கத்தியே பேசிப் பழகியவர் முதல்முறையாக மெல்லப் பேசினார். "என்மேல கோவமா?"

"கோவம்தான். அதுக்காக கையை விட்டுடாதீங்க."

அரைமணி நேரம் கழித்துக் கண் சிவந்து மேலே வந்தார்கள். கம்பெனி குன்றைவிட்டுக் கிளம்பியது. அவருக்கு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வேலை போட்டார்கள். குன்றுக் கல் யாருக்கும் தேவைப்படாததால் அக்கா அதை வீட்டுக்கு எடுத்துவந்தாள். விடுமுறைக்கு அவர் வந்தால், மதியச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் கைகோத்துக்கொண்டு கூடத்தில் இறங்கிவிடுவார்கள்.

ஒருநாள் மின்சார மீட்டர் பார்க்க வந்தவர், வீட்டில் பெரியவர்கள் இல்லையா என்று கேட்டார்.

"கீழ பேசிட்டிருக்காங்க," என்றாள் மகள், வீட்டுப்பாடத்திலிருந்து நிமிராமல். "நீங்க நிக்கிற இடத்துலதான் வருவாங்க."

அவர் இரண்டடி தள்ளி நின்று மீட்டரைக் குறித்துக்கொண்டார்.