தூக்கிக் கட்டிய முகம்

சுருக்கம் போக நூல் கோத்து முகத்தை இழுத்துக்கொண்டவர்களுக்கு உணர்ச்சி ஒரு மணி நேரம் தாமதமாக முகத்துக்கு வந்து சேரும். காதோரம் வெட்டித் தைத்துக்கொண்டவர்களுக்கு ஒரு வாரம். தசைக்கு அடியிலிருந்தே தூக்கிக் கட்டிக்கொண்டவர்களுக்குப் பத்து வருஷம். மருத்துவமனைச் சுவரில் விலைக்குப் பக்கத்திலேயே இதுவும் எழுதியிருந்தது. ஓட்டல் வரவேற்பு மேஜையில் பாதி ஆயுளைக் கழித்தவள் மூன்றையும் நிதானமாக ஒப்பிட்டுப் பார்த்தாள். சலவைப் பிரிவு மேற்பார்வைக்காரி நூல் போட்டிருந்தாள். மேலாளரிடம் வாங்கிய திட்டுக்கு வீட்டுக்குப் போகிற பேருந்தில் முகம் சிவப்பாள். கல்லாவில் இருந்தவள் காதோரம் தைத்திருந்தாள். போன வாரத்து ஜோக்குக்கு இந்த வாரம், சண்டைக்கு வந்த ஆளின் முன்னால் சிரித்து வாங்கிக் கட்டிக்கொண்டாள். அவை இரண்டும் சீக்கிரம் தொங்கிவிடும், மூன்றாவதுதான் நிலைக்கும் என்றார் மருத்துவர். மேலாளர் ஏற்கெனவே, "முன்னாடி புதுமுகம் வேணும்னு மேலிடத்துல கேக்கறாங்கம்மா. நீங்க சலவை ரூமுக்குப் போயிடுங்களேன்" என்று சொல்லியிருந்தார். அவள் மூன்றாவதைச் செய்துகொண்டாள்.

தையல் பிரித்த வாரமே, லாரி ஓட்டிப் பிழைத்த அவள் கணவன் வீட்டில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தான். உள்ளே ஈரக்குலை அறுந்தது. வெளியே அறைச் சாவி எடுத்துக் கொடுக்கிற முகம். "கல்லுலகூட ஈரம் கசியும்" என்றாள் நாத்தனார், எல்லார் காதிலும் விழும்படி. மகள் மட்டும் அருகே வந்து உட்கார்ந்தாள்.

"உள்ள அழுதுகிட்டுத்தான்டி இருக்கேன். முகத்துக்கு லேட்டா வரும். உனக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. அது தெரிஞ்சுதானே செஞ்சுகிட்ட."

மகள் தன் கல்யாணத்துக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. வரவேற்பு மேஜை மட்டும் அவளுக்குத் தங்கியது. விருந்தாளிகள் வாய்க்கு வந்தபடி ஏசினாலும் அவள் முகம் இஸ்திரி போட்ட துணியாக மடிப்புக் கலையாமல் இருந்தது. வருஷங்கள் போய்ப் பேத்தி பிறந்ததும் மருமகன்தான் கூப்பிட்டான். போனாள். குழந்தையின் சூடு மடியில் பட்டதும் மனசு பூரித்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கணவனுக்கான அழுகை வந்து சேர்ந்தது. வாய் கோணி, கன்னம் துடித்து, குரல்வளை தெறிக்க அழுதாள். குழந்தை வீறிட்டது.

"அப்பாவுக்குத்தான்னு புரியுது" என்று மகள் குழந்தையை வாங்கிக்கொண்டாள். "ஆனா பாப்பா பயப்படறா. அழுது முடிச்சிட்டு வா."

அன்று துக்கம் எத்தனை மாதம் இருந்ததோ அத்தனை மாதமும் முகம் அழுதது. ஓட்டல் அனுப்பிவிட்டது. அழுது முடித்துப் போனபோது மகள் வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். மாற்றலாகித் தூரதேசம் போய்விட்டார்களாம். அதன்பிறகு விருந்தாளிகளின் ஏச்சுக்கெல்லாம் வரிசையாக, ஒற்றை அறையில் சுவரைப் பார்த்து முகம் சுளித்துக் கிடந்தாள்.

தலை முழுக்க நரைத்தபிறகு ஒரு காலை, காய்கறிக் கடையில் அவள் முகம் திடீரென்று மலர்ந்தது. கண்ணெல்லாம் சிரித்தது.

"இது எந்த வருஷத்துதுக்கா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"பேத்தியை மடியில வாங்கினேன்ல, அது."

"நல்லாயிருக்குக்கா" என்று சொல்லி, அழுகலை ஒதுக்கிவிட்டுத் தக்காளியை நிறுத்தார். சிரிப்பு வடியும்வரை அவள் பையை நீட்டாமல் நின்றாள். பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள்.