ஒற்றைக் கையால் திறக்கும் லாயம்

திண்டுக்கல் பேகம்பூர் பட்டறையில் முகமது ரஃபீக் இரும்புக் குழாயை அறுத்துக்கொண்டிருந்தபோது அந்த போன் வந்தது. சத்தத்தில் ஒன்றும் விளங்காமல் அவன் மனைவி தாஹிரா தெருவுக்கு இறங்கி, ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசினாள்.

“குதிரைக்குக் கொட்டாய் போடுவீகளாம்ல?” என்றது ஒரு பெண் குரல். “எரியோடு ஊருக்கு மேக்க எங்க தோட்டம். செத்த வந்து பாத்துட்டுப் போங்க தாயி. நான் கூப்புட்டேன்னு வீட்டுக்காரருகிட்ட முந்திச் சொல்லிராதீக.”

ரஃபீக்கும் தாஹிராவும் முதலில் மாட்டுக் கொட்டகையும் கோழி ஷெட்டும்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு டாக்டர் ஆசைக்கு வாங்கிய இரண்டு குதிரைகளுக்கு லாயம் கட்டிக் கொடுத்ததில் பேச்சு பரவி, குதிரை வைத்திருக்கிறவர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். வெல்டிங் எல்லாம் ரஃபீக். இடம் பார்ப்பது, அளப்பது, படம் போடுவது தாஹிரா. குதிரை எந்தப் பக்கம் படுக்கும், இடிக்குப் பயப்படுமா, தண்ணீர் யார் வைப்பது என்று அவள் கேட்கிற கேள்விக்கு முடிவே இருக்காது. “இவ லாயம் கட்டப் போறாளா, சம்பந்தம் பேசப் போறாளா” என்று ரஃபீக் சிரிப்பான்.

மறுநாள் காலை இருவரும் லோடு ஆட்டோவில் போய் இறங்கினார்கள். மல்லிகைச் செடிகளுக்கு நடுவே ஓட்டு வீடு. வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இடது கை மடியில் தளர்ந்து கிடந்தது. பேர் சடையாண்டி. தாஹிராவின் கையில் இருந்த டேப்பைப் பார்த்ததுமே அவர் முகம் சுருங்கிவிட்டது.

“குதிரை விக்கிறதுக்கு இல்ல. வந்த வழியே கிளம்புங்க.”

“வாங்க வரலண்ணே” என்றாள் தாஹிரா. “அதுக்கு வீடு கட்ட வந்திருக்கோம்.”

“யாரு வரச் சொன்னா?”

“நாந்தான்.” அடுப்படி வாசலில் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவர் மனைவி முத்துப்பேச்சி நின்றாள். “திருப்பூர்ல இருந்து மகன் வித்துருங்க வித்துருங்கன்னு தெனம் போன் போடுறான். நானும் அதையே சொல்லுவேன்னுதான இம்புட்டு நாளா என் மொகத்தப் பாக்காம உக்காந்திருக்கீக?”

 சடையாண்டி அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, வலது கையால் நாற்காலியை ஊன்றி எழுந்தார்.

“வாங்க, காட்டுறேன்” என்றார் ரஃபீக்கிடம்.

வீட்டுக்குப் பின்னால் சாய்ப்பு இறக்கிய தகரக் கொட்டகையில் நின்றது அந்தச் செவலைப் பெண் குதிரை. அந்தியூர் சந்தையில் குட்டியாக வாங்கியது. வந்த அன்றைக்கே பாத்தியில் இருந்த மரிக்கொழுந்தை மேய்ந்து தீர்த்ததால் கொழுந்து என்று பேர் வைத்துவிட்டார். சடையாண்டியின் காலடி கேட்டதும் அது மூக்கை விடைத்து மெதுவாகக் கனைத்தது. வாசலுக்குக் குறுக்கே இரண்டு மூங்கில்களைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். முடிச்சை அவிழ்க்க இரண்டு கை வேண்டும். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர் அந்த முடிச்சைப் பல்லால் கடித்து இழுக்கப் போய், தடுமாறி விழுந்து நெற்றியைக் கிழித்துக்கொண்டாராம். தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

“ஒனக்கு நான் சொல்றது ஒண்ணுதான் தங்கச்சி” என்றார் அவர். “நான் உள்ள போகணும். தேய்க்கணும், பிடரிய நீவணும். வெளிய நின்னு வேடிக்க பாக்குறதுக்குக் குதிரை எதுக்கு?”

டீ குடிக்கக் கூப்பிட்ட முத்துப்பேச்சி, அடுப்படியில் தாஹிராவின் கையைப் பிடித்துக்கொண்டு நேர் எதிராகச் சொன்னாள்.

“அவரு உள்ள போகவே முடியாதபடி கட்டு தாயி. புல்லு, தண்ணி எல்லாம் வெளிய இருந்தே வைக்கிற மாதிரி. நான் வச்சிக்கிருவேன்.”

“நீங்க உள்ள போவீங்களாக்கா?”

“நானா? ஆத்தாடி! புதுசா வந்தப்ப, கொண்டையில வச்சிருந்த பூவோட முடியையும் சேத்துக் கடிச்சு இழுத்துருச்சு. அன்னையில இருந்து அது இருக்கிற பக்கமே போறதில்ல.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஆனா அது இல்லாட்டி அவரு இல்ல. அது எனக்குத் தெரியும்ல.”

திண்டுக்கல் திரும்புகிற வழியெல்லாம் தாஹிராவுக்கு இதே யோசனைதான். ஒருத்தர் உள்ளே போக வேண்டும் என்கிறார், ஒருத்தி போகக் கூடாது என்கிறாள். இரண்டு பேர் சொல்வதிலும் தப்பு இல்லை. ஒரே லாயத்தை எப்படி இரண்டு விதமாகக் கட்டுவது?

படம் போட்டாள், அழித்தாள், மறுபடி போட்டாள். சாயங்காலம் ரஃபீக் பட்டறையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது, துப்பட்டாவால் தன் இடது கையை உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, பழைய கேட் ஒன்றின் தாழ்ப்பாளைத் திறக்கப் பார்த்தாள். தூக்கினால் இழுக்க முடியவில்லை. இழுத்தால் கதவு மேலே வந்து இடித்தது.

“என்ன வேலை இது?” என்றான் ரஃபீக்.

“நீங்க செஞ்சு பாருங்க.”

சிரித்துக்கொண்டே கையைக் கட்டச் சொன்னவன், ரெண்டாவது தடவையில் சிரிப்பை விட்டுவிட்டான். சடையாண்டி மாதிரியே காலையும் ஒரு பக்கம் இழுத்து இழுத்து நடந்து பார்த்தான். பிறகு கட்டை அவிழ்க்காமலே கீழே உட்கார்ந்து, “தள்ளுற கதவு போடுவோம்” என்றான். “மேலயும் கீழயும் ரயில் காடி, அதுல ஓடுறதுக்குச் சக்கரம். தோளால முட்டுனாலே நகரணும். தாழ்ப்பாள் காலால மிதிக்கிறது. கை உயரத்துல போட்டா அந்தக் குதிரையே உதட்டால திறந்துரும்.”

கதவுக்கு வழி கிடைத்ததும் மற்றதெல்லாம் தாஹிராவுக்கு ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. உள்சுவரை ஒட்டி, இடுப்பு உயரத்துக்கு ஒரு பிடிகம்பி. அதற்கும் குதிரைக்கும் நடுவே செங்குத்தாகக் குழாய்கள். ஆள் உடம்பை ஒருக்களித்து நுழையலாம், குதிரை நுழைய முடியாது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடக்கலாம், குழாய்க்கு இடையில் கை நீட்டித் தேய்க்கலாம், தெம்பு இருக்கிற அன்றைக்கு உள்ளேயும் போகலாம். குதிரை மிரண்டால் இரண்டு எட்டில் குழாய்க்கு இந்தப் பக்கம் வந்துவிடலாம். மூலையில் சாய்ந்து உட்கார ஒரு பெஞ்சு. அடுப்படிப் பக்கச் சுவரில், வெளியிலிருந்து தள்ளினால் உள்ளே திரும்பும் தீவனத் தொட்டி. அது முத்துப்பேச்சிக்கு. சுவருக்குத் தென்னம்பலகை. கூரைக்குத் தகரம் போட்டாலும், மழைச் சத்தத்துக்குக் குதிரை மிரளாமல் இருக்க அடியில் கனமாகத் தென்னங்கீற்று.

வேலை நடந்த நாட்களில் சடையாண்டி நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். குழாயின் முனையை எல்லாம் தடவிப் பார்த்து, “இது கிழிக்கும், இன்னும் ராவு பாய்” என்பார். ரஃபீக் முகம் சுளிக்காமல் ராவினான். முத்துப்பேச்சி மத்தியானத்துக்கு முருங்கைக்காய்க் குழம்பு வைத்து, வெஞ்சனம் பத்தாது என்று முட்டையும் அவித்துப் போட்டாள்.

எல்லாம் முடிந்து கொழுந்தைக் கூட்டி வந்த அன்று, அது வாசலில் நின்றுவிட்டது.

சடையாண்டி நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டார். கொஞ்சினார். வைதார். குதிரை கழுத்தை நீட்டி, தரையை முகர்ந்து, புஸ்ஸென்று மூச்சுவிட்டுப் பின்னால் போனது. ரஃபீக் பின்னாலிருந்து கையைத் தட்டினான். அது இன்னும் மிரண்டது. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. கயிற்றைப் பிடித்திருந்த சடையாண்டி நிற்க முடியாமல் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டார்.

தாஹிரா அது முகர்ந்த இடத்தையே பார்த்தாள். கால் வழுக்காமலிருக்க அவள்தான் தேடிப் பிடித்துக் கருப்பு ரப்பர் மேட் போட்டிருந்தாள். வெளிவெயிலில் நின்று பார்க்கையில் அது பள்ளம் மாதிரி தெரிந்தது. “தப்பு என்னோடதுண்ணே” என்றாள். “அது கண்ணுக்குத் தரை இல்ல, கெணறு. மேட்ட எடுத்துருவோம்.”

“எடுத்தா அவரு வழுக்கி விழுவாரு” என்றாள் முத்துப்பேச்சி.

சொன்னவள் அங்கே நிற்கவில்லை. கயிற்றைப் பிடித்தபடி தள்ளாடும் புருசனை ஒரு பார்வை பார்த்தாள். போய் ஒரு கட்டு சோளத்தட்டையை அள்ளி இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து, விறுவிறுவென்று லாயத்துக்குள் நுழைந்தாள். வாசலிலிருந்து உள்ளே வரைக்கும் தட்டையை உதறிப் பரப்பினாள். கருப்பு மறைந்தது. காலால் ஓங்கி மிதித்துக் காட்டி, “பாரு! மண்ணுதான், வா! அவரு எம்புட்டு நேரம் நிப்பாரு?” என்று அதட்டினாள்.

கொழுந்து காதை முன்னால் வைத்து அவளைப் பார்த்தது. ஒரு கால் வைத்தது. அப்புறம் இன்னொன்று. திடீரென்று முழு உடம்பும் உள்ளே வந்துவிட்டது.

அப்போதுதான் முத்துப்பேச்சிக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. முதுகு பலகையில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெரிய முகம் அவள் நெஞ்சுக்கு நேராக வந்து மூச்சு விட்டது.

“அசையாத பேச்சி” என்றார் சடையாண்டி. கயிற்றை விட்டுவிட்டுப் பிடிகம்பியைப் பற்றி நகர்ந்து வந்துகொண்டிருந்தார். “ஒண்ணும் செய்யாது. உள்ளங்கைய விரிச்சு நீட்டு. விரலை மடக்காத. நான் இருக்கேன்ல.”

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினாள். ஈரமான மூக்கு உள்ளங்கையில் பட்டது. கொழுந்து முகர்ந்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் தலையை அவள் தோளோரம் தாழ்த்தி நின்றது.

“இம்புட்டு மெத்துன்னு இருக்கு” என்றாள் கண்ணைத் திறக்காமல்.

குழாய்க்கு அந்தப் பக்கமிருந்து அவர் கை நீண்டு அவள் கையைப் பிடித்து, குதிரையின் நெற்றியில் கொண்டு போய் வைத்தது. “இந்தா, இங்க தடவு. இங்கதான் அதுக்குப் பிடிக்கும்.”

தாஹிரா ரஃபீக்கின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சாமான்களை ஏற்றுகிற வேலையை அப்படியே போட்டுவிட்டு இருவரும் வேப்பமரத்தடிக்குப் போனார்கள்.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் முத்துப்பேச்சியிடமிருந்து போன் வந்தது. கதவு ரயிலில் தண்ணீர் நின்று சக்கரம் சிக்குகிறதாம்.

“நாளைக்கே வாரோம்க்கா. மழைக்குக் கொழுந்து மிரளுதா?”

“அதெல்லாம் இல்ல. அவரும் அதுவும் தாத்தாவும் பேத்தியும் மாதிரி அசந்து தூங்குறாக.”

“ரெண்டு பேருமா?”

“அவரு பெஞ்சுலேயே சாஞ்சிட்டாரு. போர்வை போத்தி விட்டுருக்கேன். சத்தம் கேட்டா முழிச்சுக்கிருவாரு, மெல்லப் பேசு தாயி. நானும் இங்கனதான், உள்ளதான் நிக்கிறேன்.”

மழை கொட்டுகிற சத்தத்துக்கு நடுவே குதிரை பெருமூச்சு விடுவது போனில் கேட்டது. தாஹிரா பட்டறைக்குள் திரும்பிப் பார்த்து, அறுப்பு மெஷினைச் செத்த நேரம் நிறுத்தச் சொல்லி ரஃபீக்குக்குக் கை காட்டினாள்.