பவளத்துக்குப் பசிக்கும்

எங்கள் தெருவில் யார் வீட்டுக் குழம்பும் எனக்குத் தெரியாமல் கொதித்ததில்லை. ஆனால் எதிர்வீட்டுத் தேவகுமார் துபாயை விட்டு வந்து, முன்னறைச் சோபாவைத் தூக்கி வெளியே போட்டு, அந்த இடத்தில் ஆறடி நீளக் கண்ணாடித் தொட்டியை நிறுத்தியபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. குலசேகரத்தில் ரப்பர் வைப்பார்கள், வாழை வைப்பார்கள், மிஞ்சிப்போனால் காடை வளர்ப்பார்கள். கடலை வீட்டுக்குள் வைத்தவர் யார்? கடல் வேண்டுமென்றால் பஸ் ஏறினால் தீர்ந்தது.

சீனி கடன் கேட்கிற சாக்கில் போனேன். சீனியை மறந்துவிட்டு நின்றேன்.

தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. மஞ்சள் மீன் ஒன்று வெறும் காற்றில் மிதப்பது போல் வந்து என்னை ஏறிட்டுப் பார்த்தது. நடுவில் ஒரு பாறை. அதன்மேல் ஊதா நிறத்தில், மான்கொம்புகளைச் சேர்த்துக் கட்டிய மாதிரி ஒன்று. கிட்டப் போனால் அந்தக் கொம்பெங்கும் கடுகளவு வாய்கள். ஒவ்வொரு வாயைச் சுற்றியும் பச்சை விரல்கள்.

"செடியாலே இது?" என்றேன்.

"உயிராக்கும் அக்கா, பவளம். ஒவ்வொரு வாயும் ஒரு சீவன்" என்றான் தேவகுமார்.

கடலில் பிடுங்கியதல்ல, பண்ணையில் வளர்ந்தது, ரசீது எல்லாம் உண்டாம். துபாயில் கட்டைவிரல் அளவில் வாங்கியதை இவன் அங்கேயே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்த்துக் கொண்டுவந்திருந்தான். இந்தத் தாய்ப்பவளத்தை நறுக்கி, துண்டுகளை வளர்த்து விற்றுப் பிழைப்பதுதான் திட்டம். குலுக்கலில் கூப்பன் விழுந்து கார் கிடைக்கும் என்பதற்கு அடுத்த திட்டம் இதுதான் என்று தெருவில் நானே சொல்லியிருக்கிறேன்.

அவன் மனைவி ராகேல் சிரிக்கவில்லை. அடுக்களையில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "மார்த்தாண்டத்து ஏஜென்டு விசா ரெடின்னு விளிச்சுக்கிட்டே இருக்கான் மைனி. அந்தப் பவளம் செத்தா இவ்விய பாஸ்போர்ட்டக் கொண்டு குடுத்திருவாவ. கல்யாணம் ஆன நாள் முதலா நான் போன்லதான் குடும்பம் நடத்துனேன். இனி ஏலாது."

அதன்பிறகு எனக்கும் அந்தக் கல்லின்மேல் ஒரு கண். கண் என்றால் தினமும்.

சர்க்கரை நோயாளிக்கு ரத்தம் பார்ப்பதுபோல் தேவகுமார் தண்ணீருக்குப் பரிசோதனை பார்ப்பான். சிறு குப்பியில் தொட்டித் தண்ணீர், அதில் ஒரு பொடி. கொஞ்சம் பொறுத்தால் தண்ணீர் நீலமாகும்.

"இது பாஸ்பேட் அக்கா. மீனுக்கத் தீனியில இருந்தும் கழிவில இருந்தும் வாறது. நீலம் கூடுனா பாசி பிடிக்கும்."

அதை உறிஞ்ச ஒருவகை மணி உண்டு. துருப்பிடித்த மண் மாதிரி இருக்கும். பைநிறையப் போட்டு அதன்வழியே தண்ணீரை ஓடவிட்டான். நீலம் குறைந்தது. பின் அறவே போனது. குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பான். அவன் அப்பா ஞானதாசன் ரப்பர் ஷீட்டை அப்படித்தான் வெயிலுக்கு நேரே பிடிப்பார். ஒரு தூசி, ஒரு குமிழி தெரிந்தால் தரம் இறங்கும். ரப்பர் பாலை மூன்று தடவை வடிகட்டுகிற வீடு அது. அந்த வீட்டுப் பிள்ளைக்குச் சுத்தத்துக்கு மேல் வேதம் இல்லை.

மழை பிடித்த சமயம், பாறைமேல் பழுப்பாக வழுவழுப்பு படர்ந்தது. அழுக்கு என்று முடிவுகட்டினான். இன்னொரு பை மணி போட்டான். மீன்களுக்குத் தீனியைப் பாதியாக்கினான். வழுவழுப்பு போகவில்லை, பவளத்தின் ஊதாதான் போனது. முதலில் சாம்பல், பிறகு நீர்மோர் நிறம்.

"தண்ணி பளிங்காட்டம் இருக்கு அக்கா, பாத்தியளா" என்று குப்பியைக் காட்டினான். குரலில் சத்தே இல்லை.

"பளிங்குதான் மக்கா. பவளமும் பளிங்கு ஆயிட்டு வருதே."

மறுநாள் காலையில் எதிர்வீட்டில் சத்தம். நான் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். அதாவது பெருக்கிய இடத்தையே பெருக்கிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பை மணியோடு தேவகுமார் நிற்க, ராகேல் தொட்டிக்கு முன்னால் வழிமறித்து நின்றாள்.

"உங்களுக்க அப்பா ரப்பர் மரத்துக்கு உரம் போட்டாவளா இல்லியா?"

"போட்டாரு. அதுக்கென்ன இப்ப?"

"உரத்துல என்னவாக்கும் இருக்கு? மூட்டையில எழுதியிருக்குமே, வாசிச்சதில்லியா? பாஸ்பேட்டுதான!"

அவன் ஒரு பக்கமாக விலகித் தொட்டியை எட்டப் பார்த்தான். அவள் விடவில்லை.

"தூசி இருக்கப்பிடாதது ஷீட்டுக்கு. மரத்துக்கு இல்ல. இது ஷீட்டா மரமா? உயிருள்ளதப் பட்டினி போட்டுட்டு, வெளிச்சத்துல பிடிச்சுப் பிடிச்சுப் பாத்தா கறுக்குமா வெளுக்குமா?"

தேவகுமார் கையிலிருந்த பையைப் பார்த்தான். தொட்டியைப் பார்த்தான். என்னையும் பார்த்தான், நான் இரண்டடி பெருக்கினேன். பிறகு சட்டைக்கையை மடக்கி, முழங்கை வரை தண்ணீரில் விட்டு, உள்ளே இருந்த மணிப்பைகளையும் வெளியே எடுத்துப் போட்டான். ராகேல் இறால் பொடியை அள்ளித் தூவினாள்.

"ஏட்டி, போதும்! ஒரேயடியாப் போட்டா நாறிப்போவும். கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும்."

அந்தக் கொஞ்சம் கொஞ்சம்தான் ஆளைக் கொன்றது. தினமும் குப்பி நிறமற்று நின்றது. ஏஜென்ட் மாசக் கடைசிவரை கெடு வைத்தான். ராகேல் ஜெபத்தில் பவளத்தையும் சேர்த்துக்கொண்டாள். நான் என் பங்குக்கு வேளிமலை முருகனிடம் சொல்லிவைத்தேன். எந்தச் சாமி பார்த்தாரோ, ஒருநாள் குப்பியில் மெலிதாக நீலம் ஊறியது. நீலம் போட்டு அலசிய வேட்டியில் தெரியுமே, அவ்வளவுதான். தேவகுமார் அதற்கே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். பட்டினித் தண்ணீரில்தான் வளருமாம் அந்த வழுவழுப்பு, அதுவும் திட்டுத்திட்டாக உரிந்து போனது.

கெடு நெருங்கிய ஒரு சாயங்காலம் ராகேல் தெருவுக்கே வந்து என் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். தொட்டியில் வெள்ளை விளக்கு அணைந்து நீல விளக்கு எரிந்தது. மோர் நிறக் கொம்புகளின் அடியிலிருந்து ஊதா ஏறிக்கொண்டிருந்தது. விரல்கள் ஆயிரமாயிரம், எல்லாம் வெளியே நீண்டு, ஒரே காற்றில் ஆடும் நாற்றுப்போல் சாய்ந்து நிமிர்ந்தன. நுனிதோறும் புது வெள்ளை முளை. கண்ணில்லை, காதில்லை, நடக்க வழியில்லை. வாய் மட்டும் இருந்துகொண்டு இத்தனை அழகா! அதுவே மலையாகித் தீவாகுமாம். நான் எத்தனையோ வீடுகளுக்குள் எட்டிப்பார்த்தவள். படைத்தவன் வீட்டுக்குள் எட்டிப்பார்த்தது அன்றுதான். ஊரில் போய்ச் சொல்ல ஒரு வார்த்தை தேடினேன், அகப்படவில்லை.

"சிரிக்கலியா அக்கா?" என்றான் தேவகுமார்.

"சும்மா கெடலே" என்றேன்.

கெடு நாளன்று அவன் ஏஜென்டைக் கூப்பிட்டு, வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டான். அதே கையோடு வெட்டுக்குறடை எடுத்து வந்தான். ராகேல் கண்ணை மூடிக்கொண்டாள். சத்தமே இல்லாமல் ஒரு கொம்பு ஒடிந்தது. அந்தக் கணமே அத்தனை விரல்களும் உள்ளே இழுத்துக்கொண்டன. பவளம் வெறும் கல்லாய் நின்றது.

"கொன்னுட்டியேலே!" என்றேன்.

"பொறுங்க."

துண்டைச் சிறு சிமெண்டு வில்லையில் ஒட்டித் தொட்டிக்குள் இருந்த தட்டில் வைத்தான். மூவரும் மூச்சுக் காட்டாமல் குனிந்து நின்றோம். வெகுநேரம் கழித்து, வெட்டுப்பட்ட அந்தச் சிறு துண்டில் ஒரு வாய் திறந்தது. ஒற்றைப் பச்சை விரல் வெளியே வந்து தண்ணீரைத் தொட்டுப் பார்த்தது. பக்கத்தில் இன்னொன்று.

ராகேல் தேவகுமாரின் ஈரக்கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் பொத்திக்கொண்டாள். நாகரிகம் தெரிந்தவர்கள் அந்த நேரம் வேறுபக்கம் திரும்பிக்கொள்வார்கள். நான் திரும்பவில்லை.