மொரிஸ் மைனரின் மூன்று முட்கள்

நஸீருக்கு முதலில் தொலைந்துபோனது குருவிகளின் சத்தம். பிறகு, வண்டியில் சிக்னல் போட்டால் டிக் டிக்கென்று அடிக்குமே, அந்தச் சின்ன ஓசை. அதற்குப் பிறகு என்னென்ன போயிற்று என்று அவருக்கே தெரியாது. ஐம்பத்து நாலு வயது. ஹட்டனில், டிக்கோயா பாதையோரம் கராஜ் வைத்து, முப்பது வருஷமாக எஞ்சின்களைக் காதால் பார்த்தவர். "நஸீர் பாஸுக்கு பொனட்டத் தெறக்கவே தேவையில்ல, கேட்டே சொல்லிருவாரு" என்பார்கள் லொறிக்காரர்கள். அந்தப் பேரை இழக்க மனம் வரவில்லை. அதனால் யாரிடமும் சொல்லவில்லை, மனைவி அஸீலாவிடம்கூட.

ஜூலை மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், செல்வமலர் டீச்சர் தன் மொரிஸ் மைனரை மூன்றாம் முறையாகக் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். ஓய்வுபெற்றுப் போன தோட்டத்து டொக்டர் ஒருவரிடம் வாங்கிய, அறுபது வயது தாண்டிய சாம்பல் நிறக் கார் அது. தினமும் அதில்தான் பாடசாலைக்குப் போய்வருவார்.

"ஏத்தத்திலை இழுக்குதில்லை பாஸ். பனிக்குள்ளை நிண்டும் போகுது. ஒருக்கா ஏறி இருந்து பாருங்கோ, நான் ஓட்டுறன்."

நஸீர் ஏறி உட்கார்ந்தார். பனிமூட்டம் தேயிலை மலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. கண்ணாடியில் வைப்பர் சத்தமின்றிப் போய்ச் சத்தமின்றி வந்தது. ஏற்றத்தில் கியரை மாற்றியதும் டீச்சர் சொன்னார்:

"இந்தா, இப்ப வருது. போத்தலுக்குள்ளை கல்லைப் போட்டுக் குலுக்கிற மாதிரி. கேக்குதெல்லோ?"

நஸீருக்கு எதுவும் கேட்கவில்லை. எங்கோ தூரத்தில் ஒரு ஆறு ஓடுவதுபோல எஞ்சின் இருந்தது, அவ்வளவுதான்.

"இல்லையே டீச்சர். சரியாத்தானே ஓடுது."

டீச்சர் திரும்பி அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு காரைத் திருப்பினார்.

கராஜுக்கு வந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார் நஸீர். தீப்பொறியை உண்டாக்கும் பொயின்ட்ஸ் தேய்ந்து கருகியிருந்தன. அதைவிட மோசம் டைமிங், தீப்பொறி விழுகிற நேரம். இரண்டு வாரத்துக்கு முன் அவரே காதால் கேட்டு வைத்த டைமிங், இருக்கவேண்டிய இடத்தைவிட எவ்வளவோ முன்னால் போயிருந்தது. கல் குலுக்காமல் வேறென்ன செய்யும்? இப்படியே இன்னும் ஒரு மாதம் ஓடியிருந்தால் பிஸ்டனே ஓட்டையாகியிருக்கும். கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"டீச்சர், இந்தப் பொயின்ட்ஸக் கழட்டிட்டு எலக்ட்ரோனிக் இக்னிஷன் போட்டுருவோம். அது தேயாது. மீட்டரும் மூணு வைப்போம். ஒயிலுக்கு ஒண்ணு, சூட்டுக்கு ஒண்ணு, கரண்டுக்கு ஒண்ணு."

"மீட்டர் ஏன் பாஸ்?"

"பாத்துத் தெரிஞ்சுக்கலாம்" என்றார். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை.

கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்த பெட்டிக்குள் இருந்தது தீப்பெட்டி அளவு கறுப்புத் துண்டு ஒன்று, காந்த வளையம் ஒன்று, சிவப்பும் கறுப்புமாய் இரண்டு வயர். பழைய வழக்கப்படி பெட்டரியின் பிளஸ்ஸை போடியோடு பூட்டியிருந்த கார். அப்படியே விட்டால் புதுச் சாமான் எரிந்துபோகும். பெட்டரியைத் திருப்பி, கொயில் வயர்களை மாற்றி, டைனமோவுக்குப் புதுத் திசையைப் பழக்கினார். மூன்று மீட்டரையும் ஒரு தேக்குப் பலகையில் பதித்து டேஷ்போட்டுக்குக் கீழே பூட்டினார். இரண்டு நாள் போயிற்று.

மூன்றாம் நாள் பனி கராஜுக்குள்ளேயே வந்துவிட்டது. அஸீலாவைக் கூப்பிட்டு எக்ஸிலேட்டரில் காலை வைக்கச் சொன்னார். எப்போதோ வாங்கி, தேவையில்லை என்று பெட்டியோடு போட்டிருந்த டைமிங் லைட்டை எடுத்து, எஞ்சினின் முன்னால் சுழலும் சக்கரத்தின்மேல் பிடித்தார். முதல் பிளக்கில் தீப்பொறி விழும்போதெல்லாம் லைட் வெட்டி வெட்டி எரிந்தது. அந்த வெளிச்சத்தில், அத்தனை வேகமாய்ச் சுழல்கிற சக்கரம் அசையாமல் நின்றது. அதில் அவர் சுண்ணாம்பால் போட்டிருந்த வெள்ளைக் கோடு, பனிக்குள் அந்தரத்தில் மிதந்தது. டிஸ்ட்ரிபியூட்டரை மயிரளவு திருப்பினால் கோடும் மயிரளவு நகர்ந்தது. தூங்குகிற பிள்ளையைப் புரட்டிப் படுக்கவைப்பதுபோல அதை அதன் இடத்துக்குக் கொண்டுவந்தார். சத்தம் என்ற ஒன்றே வேண்டியிருக்கவில்லை.

நிமிர்ந்தபோது அஸீலா காரைவிட்டு இறங்கி முன்னால் நின்றாள். அவர் முகத்துக்கு நேரே, மெதுவாகப் பேசினாள்.

"ரெண்டு தரம் கூப்புட்டேன். உங்களுக்குக் கேக்குறதில்ல, என்ன?"

நஸீர் லைட்டை அணைத்தார். "எப்ப இருந்து தெரியும்?"

"போன நோன்புல. நோன்பு தெறக்குற பாங்கு சொல்லி முடிஞ்சும் பேரீச்சம்பழத்தக் கையில வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தீங்களே. நானும் தின்னாம இருந்தேன்."

அவள் தன் முந்தானையால் அவர் கன்னத்து எண்ணெயைத் துடைத்தாள். "கண்டிக்குப் போயி காதக் காட்டுவோம். அதுக்கு முந்தி டீச்சர்ட்ட சொல்லுங்க."

அன்று பின்னேரம் டீச்சர் வந்ததும் தன் காதைப் பற்றிச் சொன்னார் நஸீர். டீச்சர் கோபப்பட்டார், குரலை உயர்த்தாத கோபம்.

"வளைவிலை கார் நிண்டுபோச்சு பாஸ், பின்னாலை பஸ் வந்தது. நீங்கள் அண்டைக்கே சொல்லியிருக்க வேணும்."

"தப்புதான் டீச்சர்."

டீச்சர் குடையை மடித்தார். "சரி, ஏறுங்கோ. நீங்கள் ஓட்டுங்கோ. நான் கேக்கிறன்."

நோட்டன் பாதையில் ஏறினார்கள். முன்னால் பாதை இல்லை, மலை இல்லை, வெள்ளை மட்டும்தான். அந்த வெள்ளைக்குள் தேக்குப் பலகையின் மூன்று வட்டங்களும் பச்சையாய் ஒளிர்ந்தன. ஒயில் முள் நடுவில். சூட்டு முள் மெல்ல ஏறி வந்து ஓரிடத்தில் படுத்துக்கொண்டது. வோல்ட் முள் சற்றே நடுங்கியது. ஸ்டியரிங் வழியாக எஞ்சின் அவர் உள்ளங்கைக்குள் வந்தது. ஏற்றம் வந்தபோது, வாழ்க்கையில் முதன்முறையாக இன்னொருவரிடம் கேட்டார்:

"கல்லுச் சத்தம் வருதா டீச்சர்?"

டீச்சர் கண்ணை மூடிக் கேட்டார். "இல்லை. பூனை நித்திரை கொள்ளுற மாதிரி இருக்கு."

நஸீர் சிரித்துவிட்டார். கார் ஏறிக்கொண்டேயிருந்தது. எவ்வளவு தூரம் என்று தெரியவில்லை. ஒரு வளைவில் பனி கிழிந்து, கீழே நீர்த்தேக்கத்தின் தண்ணீர் வெள்ளித்தாள் மாதிரி ஒரு கணம் தெரிந்து மறைந்தது. திரும்பிப் போவோம் என்று இருவருமே சொல்லவில்லை.

அடுத்த வாரம் கண்டியில் காதுக்கு ஒரு மெஷின் கொடுத்தார்கள். வீட்டில் போட்டுக்கொள்வார். கராஜில் அது எல்லாவற்றையும் தகரச் சத்தமாக்கியதால் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துவிடுவார். வருகிறவர்களிடம் முதலிலேயே சொன்னார்: "எனக்குக் காது கேக்காது. வண்டி என்ன சத்தம் போடுதுன்னு நீங்கதான் சொல்லணும்." ஒருவரும் வேறு கராஜுக்குப் போகவில்லை என்று சொல்ல முடியாது, இரண்டு பேர் போனார்கள். மற்றவர்கள் விதவிதமாகச் சொல்லப் பழகிக்கொண்டார்கள். தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டுகிற ஆண்டியப்பன் வாயால் சொல்லவேயில்லை. நஸீரின் முன்னங்கையைப் பிடித்து, நான்கு விரலால் தட்டிக் காட்டினார்: மூன்று அடி, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று.

"நாலுல ஒரு பிளக் வேல செய்யல" என்றார் நஸீர்.